பழைய காரில் வெளிநாட்டுப் பயணம்: எந்த பெட்ரோலை நிரப்புவது?

1. கீழக்கரைக் கரையோரம்

அனைவருக்கும் ஸலாம், வணக்கம்.

என் மச்சான் இங்கிலாந்தில் இருக்கிறார். 1966ஆம் வருடத்து மாரிஸ் மைனர் ஒன்றை வாங்கிப் பேணி வருகிறார். 1098 சி.சி. இன்ஜின், காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் எஸ்.யூ. நிறுவனக் கார்புரேட்டர், அதே நிறுவனத்தின் மின்சார பெட்ரோல் பம்ப், எல்லாம் பழையபடியே இருக்கின்றன. வருகிற கோடையில் நாங்கள் இருவரும் அந்த வண்டியிலேயே டோவரில் கப்பலேறி, கலேயில் இறங்கி, பிரான்ஸை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து ஸ்பெயினுக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். கோர்டோபா பள்ளிவாசலையும் கிரனடாவின் அல்ஹம்ப்ராவையும் பார்த்துவிட வேண்டும் என்பது வாப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் பேசப்படும் ஆசை.

வண்டியை ஓட்டுவது மச்சான் பொறுப்பு. வழியில் எந்த பெட்ரோலை நிரப்புவது என்று விசாரித்து வைப்பது என் பொறுப்பு. இங்கே ராமநாதபுரத்தில் பெட்ரோல் பங்குக்குள் நுழைந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை. சாதாரண பெட்ரோல் ஒன்று, விலை கூடியது ஒன்று, அவ்வளவுதான். அங்கேயோ ஒரே பங்கில் 95, 98, ஈ5, ஈ10, ஈ85 என்று வரிசையாக நிற்கின்றனவாம். மச்சானுடைய நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்ல பெட்ரோல் என்கிறார் ஒருவர். எத்தனால் பட்டாலே ரப்பர் கரைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். ஈயம் சேர்க்காத பெட்ரோல் எதுவானாலும் வால்வு போய்விடும் என்று மூன்றாமவர் பயமுறுத்துகிறார். இந்தக் கடற்கரையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களும், கடல் கடந்து பிழைப்பவர்களும் இங்கே நிறைய இருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. உச்சிப்புளி பத்மினி

பாய், இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது 1987 பிரீமியர் பத்மினி. நம் ஊர் பங்குகளில் ஈ20 வந்த பிறகும் அதைத்தான் ஊற்றி ஓட்டுகிறேன். தினமும் மண்டபம் வரை போய் வருகிறது. ஒரு குறையும் இல்லை. இருபது சதவீத எத்தனாலையே தாங்குகிற வண்டிகள் இருக்கும்போது அங்கே பத்து சதவீதம் எம்மாத்திரம்? கையில் கிடைத்ததை நிரப்பிவிட்டுப் பயணத்தை அனுபவியுங்கள்.

3. மண்டபம் மெக்கானிக்

தம்பி உச்சிப்புளி, உங்கள் பத்மினி நன்றாக ஓடுவது எனக்கும் தெரியும். அதற்குக் காரணம் நீங்கள் அதைத் தினமும் ஓட்டுவது. டேங்கில் பெட்ரோல் தங்குவதே இல்லை. அதை வைத்து எல்லா வண்டிக்கும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

கீழக்கரைத் தம்பி, உங்கள் மச்சானின் நண்பர்கள் மூன்று தனித்தனிச் சங்கதிகளை ஒன்றாகப் போட்டுப் பிசைகிறார்கள். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

95, 98 என்பது ஆக்டேன். பிஸ்டன் அழுத்தும்போது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் கணக்கு. இது இன்ஜினின் கம்ப்ரெஷனை, அதாவது உள்ளே வரும் கலவையை அது எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதைப் பொறுத்த விஷயம். மைனரின் 1098 இன்ஜினில் கம்ப்ரெஷன் அதிகமுள்ள வகையே 8.5-க்கு 1 தான். பிளக் பொறி விடும் டைமிங் சரியாக இருந்தால் அதற்கு 95 போதும். தேவைக்கு மேல் ஆக்டேன் கொடுப்பதால் வண்டிக்கு வலு கூடாது, கெடுதலும் இல்லை.

ஈ5, ஈ10, ஈ20 என்பது எத்தனால் கலப்பு, அதாவது சாராயச் சத்து நூற்றுக்கு எத்தனை பங்கு வரை சேரலாம் என்கிற உச்ச வரம்பு. ஈ5 என்றால் ஐந்து வரை. இது ரப்பர், கார்க், டேங்க், கார்புரேட்டர் சம்பந்தப்பட்ட விஷயம். இன்ஜினின் கம்ப்ரெஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூன்றாவது ஈயம். அது வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் இடம் சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். ஏன் என்பதற்குப் போன மழைக்காலத்தில் என் பட்டறைக்கு வந்த ஓர் அம்பாசிடரைச் சொல்கிறேன். உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறார். வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றது. ஸ்டார்ட் செய்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது என்று கொண்டுவந்தார்கள். டேங்கிலிருந்து வரும் குழாய்க்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் டியூபை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. கழற்றி நீளவாக்கில் பிளேடால் கிழித்தேன். உள்புறம் உப்பிக் கொழகொழத்து, நகத்தால் சுரண்டினால் கறுப்புத் தோலாக உரிந்து வந்தது. எத்தனால் செய்த வேலை அது. அந்தத் தோலின் துணுக்குகள்தான் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் போய், பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வை மூடவிடாமல் தடுத்திருந்தன. கிண்ணத்தின் அடியில் துத்தநாக உலோகம் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

அம்பாசிடரிலும் மாரிஸ் மைனரிலும் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் மேலே, கொதிக்கிற இரும்புக் குழாய் கீழே. அங்கே வழிகிற பெட்ரோல் எங்கே சொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். மைலேஜ் குறைவதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. தீப்பற்றுவதுதான் கவலை. முடிந்தவரை ஈ5 போடுங்கள்.

4. கீழக்கரைக் கரையோரம்

அண்ணன், மிகவும் தெளிவாக இருக்கிறது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் ஈ5 எங்கும் கிடைக்குமா? கிடைக்காத இடத்தில் ஈ10 போட்டால் டேங்கைக் காலி செய்ய வேண்டுமா?

5. லியோனில் ஒரு திருப்பாலைக்குடியான்

பிரான்ஸைப் பற்றி நான் சொல்கிறேன், இங்கே பல வருடமாக வண்டி ஓட்டுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 அக்டோபர் 12 முதல் பங்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கியிலும் புதிய வண்டிகளின் டேங்க் மூடி அருகிலும் ஒரே மாதிரி அடையாளம் ஒட்டுகிறார்கள். பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். வட்டத்துக்குள் ஈ5, ஈ10, ஈ85 என்று எழுதியிருக்கும். இது எல்லா நாட்டுக்கும் பொது என்பதால் மொழி தெரியாவிட்டாலும் வட்டத்தைத் தேடுங்கள், அதற்குள் இருக்கும் எண்ணைப் படியுங்கள்.

பிரான்ஸில் மூன்று பெயர்களைப் பார்ப்பீர்கள். எஸ்பி என்றால் ஈயம் சேர்க்காதது. எஸ்பி95-ஈ10 விலை குறைவு, இங்கே அதிகம் விற்பதும் அதுதான். வெறும் எஸ்பி95 என்பது ஈ5, ஆனால் பல பங்குகளில் அதை எடுத்துவிட்டார்கள். எஸ்பி98-உம் ஈ5 தான், ஏறக்குறைய எங்கும் கிடைக்கும். உங்களுக்கு உரியது எஸ்பி98. 98 என்பதற்காக இல்லை, வட்டத்துக்குள் 5 இருப்பதற்காக. ஈ85 என்பது அதற்கென்று செய்த வண்டிகளுக்கு. விலை மலிவாக இருக்கிறதே என்று அதன் பக்கம் போய்விடாதீர்கள்.

நெடுஞ்சாலைப் பங்குகளில் விலை அதிகம். சூப்பர் மார்க்கெட்டுகளை ஒட்டிய பங்குகளில் குறைவு. இரண்டும் ஒரே ஐரோப்பியத் தர விதிக்கு உட்பட்டவைதான், அதனால் மலிவான இடத்தில் பயமில்லாமல் நிரப்பலாம்.

ஸ்பெயினில் 95-க்கும் பொதுவாக ஈ5 அடையாளம்தான் இருக்கும். ஆகவே அங்கே 98 தேட வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. கசோலினா என்றால் பெட்ரோல், கசோலியோ என்றால் டீசல். களைப்பாக இருக்கும்போது கண் ஏமாற்றிவிடும். துப்பாக்கியின் நிறத்தையும் நம்பாதீர்கள். பிரிட்டனில் பச்சை பெட்ரோல், கறுப்பு டீசல். அமெரிக்காவில் பல பங்குகளில் பச்சைதான் டீசல்.

புறப்படும் இடத்திலேயே கவனம் வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் 1 முதல் சாதாரண 95 பெட்ரோல் ஈ10 ஆகிவிட்டது. பழைய வண்டிகளுக்காக 97 அல்லது அதற்கு மேற்பட்ட ஆக்டேன் உள்ள சூப்பர் வகையில் ஈ5-ஐ விட்டுவைத்திருக்கிறார்கள். தவறி ஈ10 நிரப்பிவிட்டால் டேங்கைக் காலி செய்ய வேண்டாம், அடுத்த முறை ஈ5 போட்டால் போதும் என்று அந்நாட்டு அரசே சொல்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதுதான் பதில்.

6. தேவிபட்டினம் வேதியியல் ஆசிரியை

மண்டபம் அண்ணன் சொன்னதற்குப் பின்னால் உள்ள வேதியியலைக் கொஞ்சம் சொல்லட்டுமா?

எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விடுவதைப் போல, காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். சுத்தமான பெட்ரோலில் தண்ணீர் கரையாது, அடியில் முத்து முத்தாக நிற்கும், வடித்துவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் ஒரு வரம்பு வரை கண்ணுக்குத் தெரியாமல் கலந்தே நிற்கும். ஈ10 பெட்ரோலில் 15 டிகிரி வெப்பத்தில் அந்த வரம்பு ஏறக்குறைய அரை சதவீதம். 30 லிட்டர் டேங்குக்கு 150 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவைத் தாண்டினாலோ, இரவில் குளிர்ந்து வரம்பு சுருங்கினாலோ, தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பிரிந்து அடியில் இறங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பது அந்த அடியில்தான். மேலே மிஞ்சிய பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேனிலும் தாழ்ந்துவிடும்.

காற்றிலிருந்து மட்டும் இவ்வளவு ஈரம் ஏற நாளாகும். ஓடுகிற வண்டியில் அதற்கு வாய்ப்பே இல்லை. பாதி டேங்க் பெட்ரோலோடு நிற்கிற வண்டியில்தான் பகலில் ஆவி வெளியேறி, இரவில் ஈரக்காற்று உள்ளே வந்து, தினமும் இந்த வேலை நடக்கிறது. வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் நம் கரையில் துணி காயாததைப் பார்க்கிறோம் அல்லவா, அந்தக் காற்றுதான் டேங்குக்குள்ளும் போகிறது.

நீங்கள் வாங்கிய பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. 100 மில்லி அளவு சிலிண்டரில் 10 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் கோடு தெளிவாகத் தெரியும். மேலே 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடி, மெதுவாகக் குலுக்கி, மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர் எத்தனாலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அடியில் உள்ள அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 14-க்கு அருகில் ஏறினால் ஈ5. 19-க்கு அருகில் என்றால் ஈ10. 28-ஐ நெருங்கினால் ஈ20. மாணவர்களுக்குச் செய்து காட்டியபோது நம் ஊர் பெட்ரோலில் அந்த மைக்கோடு மெல்ல மேலே எழும்புவதைப் பார்த்து வகுப்பே வாயடைத்துப் போனது. திறந்த வெளியில் செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் நெருப்பு, பீடி, செல்போன் சார்ஜர் எதுவும் வேண்டாம். சோதித்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

ஆக்டேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் பங்குகளில் 87, 89, 93 என்று பார்த்துவிட்டு மட்டமான பெட்ரோல் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் இரண்டு முறைகளில் அளந்து சராசரியைப் போடுகிறார்கள். அவர்களுடைய 87 நம் கணக்கில் 91, 92-க்குச் சமம்.

7. உச்சிப்புளி பத்மினி

டீச்சர், நன்றி. இந்தச் சோதனையை நானும் செய்து பார்க்கிறேன். மண்டபம் அண்ணன் சொன்னபடி இன்று மாலை என் டியூபையும் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வண்டி தினமும் ஓடினால் சரி என்கிறீர்கள். கீழக்கரை பாய் பயணத்தில் மைனரும் தினமும் ஓடத்தானே போகிறது? பிறகு ஈ10-ஐப் பற்றி ஏன் இவ்வளவு பயம்?

8. மண்டபம் மெக்கானிக்

நியாயமான கேள்வி. பயணம் முழுக்க ஓடுகிற வண்டிக்கு டேங்கில் தண்ணீர் பிரியும் பயம் இல்லை. ஆனால் மற்ற இரண்டு கஷ்டங்கள் ஓடும்போதுதான் வரும்.

ஒன்று, கலவை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புது வண்டியில் சென்சார் அறிந்து, எரிபொருளைக் கூட்டிக் கொடுத்துவிடும். பழைய கார்புரேட்டர் அறுபது வருடத்துக்கு முன் அமைத்த ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளையின் அளவிலேயே கொடுக்கும். காற்று மிஞ்சிப் போய் இன்ஜின் சூடாக எரியும். மேட்டில் ஏறும்போது இழுக்காது, விட்டு விட்டு இருமும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் சரி, சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எஸ்.யூ. கார்புரேட்டரில் இதைச் சரிசெய்வது சுலபம். அடியில் உள்ள ஆறு பக்க நட்டை ஒரு பக்கம் அளவுக்குக் கீழிறக்கினால் பெட்ரோல் சற்றுக் கூடும். ஈ10 போட்டே ஆக வேண்டிய ஊரில் நாளெல்லாம் ஓட்டினால் இதைச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஆவி. எத்தனாலைக் கொஞ்சமாகக் கலந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், பத்து சதவீதம் வரை அந்தக் குணம் தூக்கலாகவே இருக்கும். மைனரின் பம்ப் இன்ஜின் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பெயினின் தெற்கில் கோடையில் 40 டிகிரி சாதாரணம், நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை. ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் பிடிவாதம் செய்யும். எஸ்.யூ. பம்ப் டக்... டக்... என்று நிதானமாகத் தட்டினால் பெட்ரோல் வருகிறது. சரசரவென்று வேகமாகத் தட்டிக்கொண்டே போனால் உறிஞ்சுவது ஆவி. பதற வேண்டாம். பானெட்டைத் திறந்து வைத்து, பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி, சூடு இறங்கும் வரை பொறுத்தால் கிளம்பிவிடும். எக்ஸாஸ்ட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள தகடு அதன் இடத்தில் இருக்கிறதா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள்.

9. தொண்டி டு சிங்கப்பூர்

கீழ்த்திசைக்குப் போகிறவர்களுக்காக என் பங்கு. சிங்கப்பூர் பதிவெண் உள்ள வண்டியில் மலேசியாவுக்குப் போவதென்றால் புறப்படும்போதே டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், எல்லையில் பார்ப்பார்கள். மலேசியாவில் 95 பெட்ரோல் அரசு மானியம் பெற்றது. வெளிநாட்டுப் பதிவெண் வண்டிகளுக்கு அதை விற்கக் கூடாது. 97 தான் நிரப்ப வேண்டும். பழைய வண்டிக்காரர்களுக்கு இதனால் நஷ்டம் பணத்தில் மட்டும்தான், வண்டிக்குக் கெடுதல் இல்லை.

அங்கிருந்து ஹாட்யாய் பக்கம் தாய்லாந்துக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. அங்கே கசஹால் 91, கசஹால் 95 என்று விற்பவை இரண்டும் பத்து சதவீத எத்தனால் கலந்தவை. ஈ20, ஈ85 தனியாக உண்டு. எத்தனால் கலக்காத பென்சின் 95-உம் சில பங்குகளில் கிடைக்கும். விலை கூடுதல். என் நண்பரின் பழைய மெர்சிடிஸுக்கு அதைத் தேடித்தான் ஊற்றுவோம். வடக்கே போகப் போகப் பங்கு பங்காகக் கேட்க வேண்டியிருக்கும், ஆகவே பார்த்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

10. தலைமன்னார்ப் பக்கத்தான்

உங்கள் கரையிலிருந்து இரவில் வெளிச்சம் தெரியும் தூரத்தில் இருக்கிறேன். எங்கள் நாட்டில் மொரிஸ் மைனர் இன்றைக்கும் வீதியில் தினசரி ஓடும் வாகனம். உதிரிப்பாகமும் தாராளமாகக் கிடைக்கும். இங்கே பெற்றோல் 92, 95 என இரண்டு வகை. கொம்பிரெஷன் குறைந்த மைனருக்கு 92 போதும். கடுகண்ணாவை ஏற்றத்தில் இன்ஜின் தட்டினால் 95-க்கு மாறுவோம். மேலே சொன்ன எத்தனால் சிக்கல் எங்களுக்கு இல்லை. மச்சானுக்கு டயாப்ரம், ஃப்ளோட் போன்றவை தேவைப்பட்டால் சொல்லுங்கள், கொழும்பில் விசாரித்துச் சொல்கிறேன்.

11. ராமேசுவரம் அம்பாசிடர்

எல்லோரும் வெளிநாட்டைப் பேசுகிறீர்கள். நான் உள்நாட்டைப் பேசியாக வேண்டும். என் தகப்பனார் யாத்திரிகர்களை ஏற்றித் தனுஷ்கோடி மணல் வரை ஓட்டிய வண்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிரிட்டனில் ஈ10 கொண்டுவந்தபோது பழைய வண்டிக்கென்று ஈ5-ஐ விட்டுவைத்தார்கள். பிரான்ஸில் எஸ்பி98 இருக்கிறது. தாய்லாந்தில்கூட ஒரு துப்பாக்கி தனியாக இருக்கிறது. நம் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, பழைய வண்டிகளைக் காக்க ஈ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கும் ஈ10-க்கும் அமைந்த கார்களில் ஈ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்குகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது.

கரும்பு விவசாயிக்கு வருமானம் வரட்டும், கச்சா எண்ணெய் இறக்குமதி குறையட்டும். நான் அதற்கு எதிரி இல்லை. வாங்குகிறவனுக்குத் தன் டேங்கில் விழுவது என்னவென்று பங்கிலேயே பெரிய எழுத்தில் தெரிய வேண்டும், பழைய வண்டிக்கு ஒரு துப்பாக்கியை ஒதுக்க வேண்டும். இது அதிகப்படியான ஆசை இல்லை. நான் நிரப்பும் பங்கில் எத்தனால் எவ்வளவு என்று கேட்டால், பெட்ரோல் பெட்ரோல்தான், அதில் என்ன இருக்கிறது என்று பதில் வருகிறது. கேட்கிறவனை விரட்டுகிற பதில் அது.

12. தேவிபட்டினம் வேதியியல் ஆசிரியை

ராமேசுவரம் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். அளவு சிலிண்டர் விலை அதிகமில்லை. பங்கில் சொல்லாததைச் சிலிண்டர் சொல்லிவிடும்.

13. துபாயில் ஏர்வாடிக்காரன்

வளைகுடாவுக்கு: இங்கே அமீரகத்தில் 91, 95, 98 என்று ஆக்டேன் மட்டுமே கேள்வி. பழைய வண்டிக்கு இங்கே எதிரி வெயில்தான். மண்டபம் அண்ணன் சொன்ன ஈரத்துணி இங்கே கோடையில் தினசரி வேலை.

14. மண்டபம் மெக்கானிக்

ஈயத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மச்சானின் நண்பர் பயமுறுத்தியதில் பாதி உண்மை இருக்கிறது.

அந்தக் காலத்தில் பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருள் சேர்த்தார்கள். ஆக்டேனைக் கூட்டுவதற்காகச் சேர்த்தது, கூடவே எக்ஸாஸ்ட் வால்வும் அதன் சீட்டும் அடித்துக்கொள்ளும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து காவல் காத்தது. குழந்தைகளின் மூளையையே கெடுக்கிற நஞ்சு அது. நிறுத்தியது மிகச் சரி. நம் நாடு முழுவதும் 2000 பிப்ரவரி 1 முதல் நிறுத்தினார்கள், ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அதே காலத்தில் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவும் 2021-ல் நிறுத்திவிட்டது. ஆகவே ஈயம் சேர்த்த பெட்ரோலை எந்த நாட்டுப் பங்கிலும் தேட வேண்டாம்.

மைனர் இன்ஜினின் தலை வார்ப்பிரும்பு. சீட்டை அதிலேயே கடைந்திருப்பார்கள். படலம் இல்லாமல் அதிவேகத்தில் மணிக்கணக்காக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உள்ளே இறங்கும். ஊருக்குள் நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு இது பல வருடம் தெரியவே தெரியாது. பிரான்ஸின் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் விரட்டினால்தான் தெரியும்.

முதலில் மச்சானிடம் ஒன்று கேளுங்கள். தலையைக் கழற்றிக் கடினமான சீட் வைத்திருக்கிறார்களா? பிரிட்டனில் பழைய வண்டிகள் பலவற்றுக்கு இந்த வேலையை முன்பே செய்துவிட்டார்கள். செய்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். செய்யவில்லை என்றால் 80, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போகட்டும். ஈயத்துக்கு மாற்றாக விற்கும் மருந்தை அளவோடு சேர்த்துக்கொள்ளலாம். பொட்டாசியம், சோடியம், மாங்கனீஸ், பாஸ்பரஸ் என்று வகைகள் உண்டு. ஒன்றைத் தொட்டால் கடைசி வரை அதுவே. ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. அதே மருந்து வழியில் கடைகளில் கிடைக்கவில்லையே என்று வேறு பாட்டில் வாங்கி ஊற்றிவிடாதீர்கள், புறப்படும்போதே தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட் தேய்வதைக் கண்டுபிடிக்கும் வழி டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. குளிர்ந்த இன்ஜினில் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 12 பங்கு, அதாவது 0.30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புறப்படும் முன் எட்டையும் சரியாக வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பெயினுக்குள் நுழைந்ததும் ஒரு காலையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைப் போட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் இடைவெளி குறைந்திருந்தால் சீட் தேய்கிறது. அங்கேயே மறுபடி இடைவெளி வைத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் வீடு வந்து சேரலாம். கவனிக்காமல் விட்டு இடைவெளி முழுதும் போய்விட்டால் வால்வு மூடாது, கருகிவிடும்.

15. கீழக்கரைக் கரையோரம்

அண்ணன், டீச்சர், லியோன் நண்பர், எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மச்சானோடு பேசினேன். தலையில் கடின சீட் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள், முந்தைய உரிமையாளரின் ரசீதிலேயே இருக்கிறதாம். ஆகவே ஈயத்தின் பயம் தீர்ந்தது. பிரிட்டனில் சூப்பர் ஈ5, பிரான்ஸில் எஸ்பி98, ஸ்பெயினில் ஈ5 அடையாளமுள்ள 95 என்று எழுதி டேங்க் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டச் சொல்லிவிட்டேன். டேங்க் 30 லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால் பாதி ஆனதும் அடுத்த பங்கிலேயே நிரப்பிவிடுவோம். அப்படிச் செய்தால் ஈ10 மட்டுமே இருக்கிற பங்கில் மாட்டிக்கொள்ளும் நிலை வராது.

டியூபைப் பற்றிக் கேட்டேன். போன வருடம்தான் மாற்றினேன், புதிதாகத்தான் இருக்கிறது என்கிறார். அப்படியே விடலாமா?

16. மண்டபம் மெக்கானிக்

விட வேண்டாம். எந்த வருடம் மாற்றினார் என்பதைவிட எந்தச் சரக்கைப் போட்டார் என்பதுதான் கேள்வி. டியூபின் மேல் அச்சடித்த எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஜே30 ஆர்9 என்று இருந்தால் உள்ளே ஃப்ளூரோ ரப்பர் அடுக்கு இருக்கிறது, எத்தனாலைத் தாங்கும். ஆர்6 என்று இருந்தாலோ, எழுத்தே இல்லாமல் இருந்தாலோ மாற்றிவிடட்டும். பழைய மாதிரி அழகாகத் தெரிய வேண்டும் என்று துணி பின்னிய டியூபை விற்கிறார்கள். பின்னலுக்குள் ரப்பர் வெடித்திருந்தால் கண்ணுக்கே தெரியாது, அதை வாங்க வேண்டாம்.

டேங்க் பக்கத்தில் ஒன்று, பம்புக்கு ஒன்று, கார்புரேட்டருக்கு ஒன்று என்று எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். கிளிப்புகளையும் புதிதாகப் போடட்டும். பம்ப் டயாப்ரமும் நீடில் வால்வும் எத்தனாலுக்கு ஏற்ற வகையாகக் கிடைக்கின்றன, ஒரு செட் கையில் இருக்கட்டும். பழைய டியூபைக் கழற்றி உள்விட்டத்தை அளந்த பிறகே ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டால் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் கசியும். மாட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பார்க்கட்டும். நனையக் கூடாது.

17. கீழக்கரைக் கரையோரம்

எழுத்தைப் படித்துவிட்டார் அண்ணன். ஆர்6 தான். இன்றைக்கே ஆர்9 சொல்லிவிட்டார்.

18. உச்சிப்புளி பத்மினி

என் டியூபில் எழுத்தே இல்லை. கிழித்துப் பார்த்தேன், உள்ளே உப்பியிருக்கிறது. மண்டபம் அண்ணன், நாளைக் காலை வண்டியைக் கொண்டுவருகிறேன். பட்டறை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

19. மண்டபம் மெக்கானிக்

எட்டு மணிக்கு. ஓட்டிக்கொண்டு வர வேண்டாம் தம்பி, கட்டி இழுத்து வாருங்கள்.